மாதிரிக் கப்பலுக்குப் பலகை அடித்தல்: ஸ்ட்ரிப் எந்தப் பக்கம் வளையும்?

5 மி.மீ. அகலமும் 1.5 மி.மீ. கனமும் உள்ள லைம்வுட் ஸ்ட்ரிப் (மெல்லிய, நீண்ட மரச்சட்டம்) ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தட்டைப் பக்கமாக எளிதில் வளையும். இரு முனையையும் பிடித்து முறுக்கினால் முறுக்கிக்கொள்ளும். ஆனால் விளிம்புப் பக்கமாக, அதாவது மேசையில் படுக்கவைத்தபடியே இடமோ வலமோ வளைக்கப் பார்த்தால் அசையாது. மீறி அழுத்தினால் ஒரு விளிம்பு எழும்பி நிற்கும், அல்லது முறியும். பலகை அடிப்பதில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே குணத்திலிருந்துதான் பிறக்கின்றன. கப்பலின் உடம்பு நடுவில் பருத்து, முன்னால் குறுகி, பின்னால் மேலேறிச் சுழல்கிறது. நேர் விளிம்புள்ள ஸ்ட்ரிப் அந்த உடம்பில் தானாகவே ஒரு பாதையைத் தேடிப் போகும். நமக்கு வேண்டிய பாதை வேறு. இரண்டையும் ஒன்றாக்கும் வேலை பசையைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

இங்கே சொல்வது கிட்டுகளில் (மாதிரிக் கப்பலின் பாகங்கள் அடங்கிய பெட்டிகளில்) பரவலாக வரும் அமைப்புக்கு: நடுவில் ஒரு பிளைவுட் முதுகுப்பலகை, அதில் குறுக்கே செருகிய பல்க்ஹெட்டுகள் (கப்பலின் குறுக்குவெட்டு வடிவில் வெட்டிய தட்டுகள்), மேலே இரண்டு அடுக்குப் பலகை. முதல் அடுக்கு 1.5 மி.மீ. லைம்வுட். இரண்டாவது அடுக்கு 0.5 அல்லது 1 மி.மீ. வால்நட், பேரிக்காய் போன்ற மரம்.

முதலில் பல்க்ஹெட் விளிம்புகள். லேசரில் வெட்டியவை என்றால் விளிம்பு கருகியிருக்கும். கருகல் மேல் பசை சரியாகப் பிடிக்காது, அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். அதோடு விளிம்பு நேர்செங்குத்தாக இருக்கிறது, பலகையோ சாய்ந்து வருகிறது. அணியத்தில், அதாவது கப்பலின் முன்பகுதியில், உள்ள பல்க்ஹெட்டுகளில் முன் விளிம்பைச் சாய்க்க வேண்டும், பின் விளிம்பைத் தொடக் கூடாது. கப்பலின் பின்பகுதியில் இதற்கு நேர்மாறு. நடுவில் உள்ள இரண்டு மூன்றுக்குச் சாய்வே தேவைப்படாது. ஒவ்வொன்றாகத் தனித்தனியே தேய்த்தால் மேடுபள்ளமாகிவிடும். 25–30 செ.மீ. நீளமுள்ள வளையக்கூடிய ஒரு மெல்லிய சட்டத்தில் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, எப்போதும் குறைந்தது மூன்று பல்க்ஹெட்டுகள் மேல் படும்படி இழுங்கள். அப்போது உயரமாக நிற்பது மட்டும்தான் தேயும்.

சோதிக்க ஒரு முழு ஸ்ட்ரிப் போதும். மேலிருந்து கீழ்வரை வெவ்வேறு உயரத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். ஸ்ட்ரிப்புக்கும் பல்க்ஹெட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அந்த பல்க்ஹெட் தாழ்ந்திருக்கிறது. விளிம்பில் 0.5 மி.மீ. மரச்சீவல் ஒன்றை ஒட்டி மறுபடி தேயுங்கள். ஒரே ஒரு மூலையில் மட்டும் ஸ்ட்ரிப் பட்டால் சாய்வு போதவில்லை என்று பொருள். விளிம்பின் முழு கனத்திலும் ஸ்ட்ரிப் படிய வேண்டும். இந்த வேலையில் அவசரப்பட்டவர்களின் கப்பலில், பலகை போர்த்திய பிறகும் பட்டினி கிடந்த மாட்டின் விலா எலும்புபோல் பல்க்ஹெட் வரிசை வெளியே தெரியும். பட்டி பூசி மறைக்கலாம், ஆனால் பூசிய கனம் அடுத்த அடுக்கில் வேறு ஒரு வளைவாக வந்து நிற்கும்.

அணியத்தில் முதல் இரண்டு பல்க்ஹெட்டுகளுக்கு நடுவே பால்சா கட்டை அடைத்துச் செதுக்கிவிடுவது நல்லது, கிட்டில் சொல்லியிருக்காவிட்டாலும். வளைவு அதிகமுள்ள அந்த இடத்தில் பலகைக்குப் பிடிமானம் அதிகம் வேண்டும். பால்சா மென்மையானது, பக்கத்தில் உள்ள பிளைவுட் கடினம். ஒரே அழுத்தத்தில் தேய்த்தால் பால்சா குழிந்துவிடும். கட்டை மேல் கையை இலேசாக்குங்கள்.

அடுத்தது பின்பக்கக் காடி, அதாவது பலகைகளின் பின்முனை பதிய முதுகுப்பலகையைச் சீவி மெலிதாக்கும் இடம். நிறையப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பிறகு சுக்கான் மாட்டும்போது பின்தூணைவிடப் பலகை தடித்து நிற்பதைப் பார்க்கிறார்கள். கணக்கு எளிது. பின்தூணின் கனம் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதல் அடுக்கு 1.5, இரண்டாவது 0.5, ஆக ஒரு பக்கத்துக்கு 2 மி.மீ. இரு பக்கமும் சேர்த்து 4. அப்படியானால் அந்த இடத்தில் முதுகுப்பலகை 1 மி.மீ. கனத்துக்கு இறங்க வேண்டும். இரண்டாவது அடுக்கு 1 மி.மீ. ஆக இருந்தால் முதுகுப்பலகைக்கு மிச்சமே இல்லை. அப்போது முதல் அடுக்கின் பின்முனையையும் உட்புறமிருந்து சீவிக் கத்தி முனைபோல் மெலிதாக்க வேண்டும். கடைசி பல்க்ஹெட்டின் அடிமுனையிலிருந்து பின்தூண்வரை வளைவாக ஒரு கோடு போட்டு, அதிலிருந்து பின்னோக்கிச் சீராக இறக்குங்கள். உளியால் தொடங்கி உப்புத்தாளில் முடிக்கலாம். பல்க்ஹெட்டுகளைச் செருகுவதற்கு முன் செய்தால் கை தாராளமாகப் போகும்.

இனி முக்கியமான கணக்கு: வரிசைகளைப் பங்கிடுவது.

ஒரு காகித நாடாவை நடு பல்க்ஹெட் விளிம்பில் சுற்றி, மேலே, கப்பலின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் தடித்த பலகை வரிசையின் அடிமட்டத்தையும், கீழே கீலையும் (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை) குறியுங்கள். நீளம் 100 மி.மீ. வருகிறது என்றால், 5 மி.மீ. ஸ்ட்ரிப்பில் 20 வரிசை. அதே 20 வரிசையும் எல்லா பல்க்ஹெட் மேலும் போயாக வேண்டும். அணியத்தின் முதல் பல்க்ஹெட்டில் அதே அளவு 60 மி.மீ. தான் என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் 3 மி.மீ. கிடைக்கும். எனவே ஸ்ட்ரிப்பை அங்கே 5-லிருந்து 3-க்கு ஒடுக்க வேண்டும். பின்னால் கடைசி பல்க்ஹெட்டில் 112 மி.மீ. வந்தால் ஒரு வரிசைக்கு 5.6 தேவை, நம் ஸ்ட்ரிப் 5 தான். 12 மி.மீ. துண்டு விழுகிறது. அங்கே 4 மி.மீ. அகலத்தில் மூன்று செருகு பலகைகள் வேண்டும். எங்கே இடைவெளி வரும், எத்தனை வரும் என்பது ஒரு பலகையும் ஒட்டாமலே தெரிந்துவிட்டது.

ஒரு எல்லை உண்டு. எந்தப் பலகையும் தன் முழு அகலத்தில் பாதிக்குக் கீழே ஒடுங்கக் கூடாது. மொட்டை மூக்குள்ள, உருண்ட அணியம் கொண்ட 18-ஆம் நூற்றாண்டுப் போர்க்கப்பல்களில் இது அடிக்கடி இடிக்கும். அந்த முதல் பல்க்ஹெட்டில் 60-க்குப் பதில் 44 மி.மீ. வந்தால் ஒரு வரிசைக்கு 2.2 தான், பாதியான 2.5-க்கும் கீழே. மூன்று வரிசைகளை வழியிலேயே நிறுத்தி 17 ஆக்கினால் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 2.6 கிடைக்கும். நிற்கும் பலகை ஊசிமுனையாக முடியக் கூடாது. பாதி அகலம் மிஞ்சும்போது செங்குத்தாக வெட்டி, பக்கத்துப் பலகையில் அதற்கு ஒரு படி வெட்டி உட்கார வைக்க வேண்டும். உண்மைக் கப்பலில் ஊசிமுனையில் ஆணியும் நிற்காது, கயிற்றுநார் அடைப்பும் நிற்காது, அதனால்தான் தச்சர்கள் அப்படிச் செய்தார்கள். படி வெட்டிய பக்கத்துப் பலகை அந்த இடத்தில் 5 மி.மீ.யைவிட அகலமாக வேண்டியிருக்கும், அதைத் தகட்டு மரத்திலிருந்து தனியே வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று நிறுத்தங்களும் ஒரே பல்க்ஹெட்டில் வர வேண்டாம், அடுத்தடுத்த வரிசையிலும் வேண்டாம்.

கூர்மையான அணியமுள்ள கிளிப்பர் (வேகப் பாய்க்கப்பல்) வகைகளில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே பெரும்பாலும் ஒடுக்கினாலே போதும்.

மொத்தமாக 20 வரிசையையும் ஒரே பங்காகப் பிரிக்காமல், முதலில் மூன்று நான்கு பட்டைகளாகப் பிரித்துக்கொள்வது கண்ணுக்கு நல்லது. 1 மி.மீ. சதுர ரீப்பரையோ மெல்லிய கறுப்பு டேப்பையோ பட்டையின் எல்லையாக ஓட்டி, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் அடியிலிருந்தும் பாருங்கள். கோடு எங்கும் முறியாமல், திடீரென்று மேலேறாமல் ஓட வேண்டும். கண்ணுக்கு உறுத்தினால் அளவு சரியாக இருந்தாலும் கோட்டை நகர்த்துங்கள். இந்த இடத்தில் கண்தான் கடைசித் தீர்ப்பு.

பட்டைக்குள் பங்கிட, வகுத்து வகுத்துக் குறிக்கத் தேவையில்லை. ஒரு தாளில் விசிறிபோல் விரியும் கோடுகளை வரையுங்கள். ஒரு ஓரத்தில் கோடுகளின் இடைவெளி 2 மி.மீ., மறு ஓரத்தில் 6 மி.மீ. இருக்கட்டும், குறுக்கே செங்குத்துக் கோடுகளும் போடுங்கள். பல்க்ஹெட்டில் அளந்த காகித நாடாவைச் செங்குத்தாகப் பிடித்தபடி விசிறி மேல் நகர்த்துங்கள். அந்தப் பட்டையில் ஐந்து வரிசை என்றால், நாடாவின் இரு குறிகளுக்கு நடுவே சரியாக ஐந்து இடைவெளி அடங்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி விசிறிக் கோடுகளை நாடாவில் குறித்து, நாடாவிலிருந்து பல்க்ஹெட்டுக்கு மாற்றிவிடுங்கள். எல்லா பல்க்ஹெட்டிலும், இரு பக்கமும். குறித்து முடிந்ததும் கப்பலின் பலகை அமைப்பு முழுக்கப் பென்சிலில் கண்முன் நிற்கும்.

இப்போது ஸ்ட்ரிப்பை வெட்டலாம். ஒவ்வொரு பல்க்ஹெட்டிலும் உள்ள அகலத்தை ஸ்ட்ரிப்பில் குறித்து, குறிகளை இணைத்து, கத்தியால் கோட்டுக்கு வெளியே அரை மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தைச் சிறு இழைப்புளியிலோ தட்டையான உப்புத்தாள் கட்டையிலோ முடியுங்கள். ஒரே விளிம்பில் மட்டும் ஒடுக்குங்கள், அது ஏற்கெனவே ஒட்டிய பலகையை ஒட்டி வரட்டும். இடமும் வலமும் ஒரே அளவு என்பதால் இரண்டு ஸ்ட்ரிப்பைச் சேர்த்துப் பிடித்துச் சேர்த்தே இழைக்கலாம். உருண்ட இடங்களில் இன்னொரு வேலையும் உண்டு. சதுர விளிம்புகள் உட்புறம் முட்டிக்கொண்டு வெளிப்புறம் ‘வி’ போல் திறந்து நிற்கும். ஒரு விளிம்பின் உட்பக்கத்தை இலேசாகச் சாய்த்தால் வெளியே மூடிக்கொள்ளும். பின்னால் குழிவாக இருக்கும் இடத்தில் சாய்வு வெளிப்பக்கம்.

வளைப்பதற்கு 1.5 மி.மீ. லைம்வுட்டை வெந்நீரில் 15–20 நிமிடம் ஊறவைத்தால் போதும். வால்நட் சற்று நொறுங்கும் தன்மை உள்ளது, நீரோடு சூடும் வேண்டும். துணி தேய்க்கும் சிறு இஸ்திரிப் பெட்டி, பலகை வளைக்கும் மின்கருவி, முடி உலர்த்தி எதுவும் சரி. மரத்தை வளைய விடுவது நீராவியின் சூடுதான். அம்மோனியா கலக்கச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், அது மரத்தின் நிறத்தைக் கெடுக்கும், தேவையில்லை. இடுக்கி மாதிரி இருந்து உட்புறம் வரிவரியாக வெட்டிக்கொண்டு போகும் கருவி முதல் அடுக்குக்கு மட்டும். மெல்லிய இரண்டாவது அடுக்கில் அந்த வெட்டு ஒவ்வொன்றும் வெளியே கோணமாகத் தெரியும்.

ஈரமான பலகையை ஒட்டவே ஒட்டாதீர்கள். ஈரத்தில் மரம் அகலவாக்கில் ஊதுகிறது. ஊதிய நிலையில் நெருக்கமாகப் பொருத்தி ஒட்டினால், காய்ந்ததும் சுருங்கி இரண்டு பலகைக்கு நடுவே முடியிழை இடைவெளி விழும். 20 வரிசையிலும் விழுந்தால் கப்பல் முழுக்கக் கோடு கோடாகத் தெரியும். வளைத்ததைக் கப்பல் மேலேயே கிளிப் போட்டு இரவு முழுக்கக் காயவிடுங்கள். காலையில் எடுத்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும், அப்புறம் ஒட்டும்போது எந்த அழுத்தமும் வேண்டியிருக்காது.

விளிம்புப் பக்க வளைவு கொஞ்சமாகத் தேவைப்படும் இடத்தில், ஈரமான ஸ்ட்ரிப்பை மேசையில் தட்டையாகப் படுக்கவைத்து, ஒரு முனையைக் க்ளாம்பில் இறுக்கி, மறுமுனையை மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, எழும்பாமல் நடுவிலும் ஒரு க்ளாம்ப் போட்டுச் சூடு காட்டலாம். வேண்டியதைவிடச் சற்று அதிகமாக வளையுங்கள், ஆறியதும் கொஞ்சம் திரும்பும். 5 மி.மீ. அகலத்துக்கு இது மிதமான வளைவுவரை கைகொடுக்கும். அதற்கு மேல் தேவை என்றால் அகலமான தகட்டு மரத்தில் வடிவத்தையே வெட்டி எடுப்பதுதான் வழி. இடைவெளி மேல் ஒளிபுகும் டேப்பை ஒட்டி, இரு விளிம்பையும் கூர்பென்சிலால் கோடிழுத்து, டேப்பை உரித்து மரத்தில் ஒட்டி, கோட்டில் வெட்டுங்கள். டேப்பை ஒட்டும்போது இழுத்து ஒட்டக் கூடாது, உரித்ததும் சுருங்கி அளவு மாறிவிடும்.

ஒட்டும் வரிசைக்கு வருவோம். முதல் பலகை மேல்தளத்துக் கோட்டை ஒட்டி, நடுவிலிருந்து தொடங்கி முன்னும் பின்னும். இந்த ஒரு பலகை இடமும் வலமும் ஒரே உயரத்தில் அமைந்தால் மற்றவை அதைப் பின்பற்றும். கொஞ்சம் கீழே வந்ததும், கீலை ஒட்டிய அடிப்பலகையை ஒட்டுங்கள். பிறகு மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் வந்து, வயிறு திரும்பும் இடத்தில், அதாவது பக்கச்சுவர் அடிப்பக்கமாகத் திரும்பும் இடத்தில், மூடுங்கள். நீளவாக்கில் வளைவு குறைந்த இடம் அது, கடைசிப் பலகையை வடிவம் வெட்டிச் செருகுவதும் எளிது, பார்வைக்கும் அதிகம் படாது.

கீலை ஒட்டிய அந்த அடிப்பலகை தனிக் கவனம் கேட்கிறது. முன்முனையை இஷ்டத்துக்கு விட்டால் அது முன்தூணின் வளைவோடு ஏறிக்கொண்டே போகும். பார்க்க அழகாகவும் இயல்பாகவும் இருக்கும். ஆனால் அதன் மேல் வரும் ஒவ்வொரு பலகையும் முன்னால் மேல்நோக்கி வளைய வேண்டிவரும், அதுவும் மரம் மறுக்கும் அந்த விளிம்புப் பக்கமாக. அணியத்தில் பலகைகள் குவிந்து இடமில்லாமல் நெருக்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கீல் நேராக இருந்து முன்தூணாக வளையத் தொடங்கும் இடத்தையொட்டியே அடிப்பலகையை முடித்துவிடுங்கள். முன்முனையை ஒடுக்காமல் முழு அகலத்தில் விட்டு, கீல் பக்க மூலையை மட்டும் உருட்டுங்கள்.

ஒரே பக்கம் அடித்துக்கொண்டே போகக் கூடாது. பசை காயும்போதும் வளைந்த மரம் நிமிரப் பார்க்கும்போதும் முதுகுப்பலகையை ஒரு பக்கமாக இழுக்கும். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு என்று மாறி மாறி அடித்து, ஒவ்வொரு சுற்றிலும் கீலைக் கண்மட்டத்தில் பிடித்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நாலைந்து வரிசை ஏறிய பிறகு வாங்கிய கோணல் திரும்பாது.

பசைக்கு பி.வி.ஏ. வெள்ளைப் பசையே சிறந்தது. பல்க்ஹெட் விளிம்பிலும் பக்கத்துப் பலகையின் விளிம்பிலும் மெல்லிசாகத் தடவுங்கள். கிளிப் போட முடியாத முனைகளில் மட்டும் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு. குண்டூசி அடிப்பதானால் 0.6 மி.மீ. துளை முதலில் போட்டுவிட்டுப் பாதிவரை மட்டும் செருகுங்கள், பசை காய்ந்ததும் பிடுங்கிவிடலாம். துளை போடாமல் அடித்தால் பிளைவுட் விளிம்பு பிளந்துகொள்ளும்.

ஒட்டிய பலகையின் ஒரு விளிம்பு ஓடுபோல் எழும்பி நிற்கிறதா? அதை அழுத்தி ஊசி அடித்து அடக்க வேண்டாம். அகலக் கணக்கு அங்கே தவறியிருக்கிறது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையில் தொட்டு இணைப்பில் ஊறவிட்டால் பி.வி.ஏ. இளகும். சூப்பர் க்ளூவுக்கு அசிட்டோன். எடுத்து, இன்னும் ஒரு அரை மி.மீ. ஒடுக்கி, மறுபடி வையுங்கள். பின்பக்கத்தில் ஆப்புபோல் இடைவெளி தெரிந்தால் அது பிழையில்லை, கணக்கில் வந்த செருகு பலகைக்கான இடம். ஸ்ட்ரிப்பை இழுத்து அதை மூடப் பார்க்காதீர்கள்.

முதல் அடுக்கு முடிந்ததும் 120, 180, 240 என்று தேய்த்து, பள்ளத்துக்குப் பட்டி பார்த்து, மறுபடி தேயுங்கள். அதற்கு முன் உட்புறம் எட்டும் இடமெல்லாம் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைப் பூசிக் காயவிட்டால், வயிறு திரும்பும் இடத்தில் மரம் மெலிந்தாலும் பலகை பிரியாது. தேய்த்தபின் உள்ளங்கையைக் கண்ணை மூடிக்கொண்டு முன்னிருந்து பின்னாக ஓட்டுங்கள். கண் தவறவிடும் மேட்டைக் கை கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது அடுக்குக்கு அளவுகளை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும், பழைய நாடா உதவாது. முதல் அடுக்கின் கனமும் தேய்ப்பும் சுற்றளவை மாற்றியிருக்கும். எவ்வளவு உழைப்பது என்பதையும் இங்கே முடிவு செய்யலாம். எச்.எம்.எஸ். விக்டரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு 1780-இல் அடிப்பாகம் முழுக்கச் செப்புத் தகடு போர்த்தினார்கள். மாதிரியிலும் செப்பு ஒட்டப்போகிறீர்கள் என்றால் நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டாவது அடுக்கின் அழகு வெளியே தெரியப்போவதில்லை, மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் போதும். செப்பு இல்லாத கப்பல் என்றால் ஒவ்வொரு வரிசையும் பேசும்.

அப்படிப்பட்ட கப்பலில் முழு நீள ஸ்ட்ரிப்பை முன்னிருந்து பின்வரை ஓட்டினால் பொம்மைபோல் இருக்கும். உண்மைப் பலகைகள் சுமார் 6 முதல் 7.5 மீட்டர், 1:64 அளவில் 94 முதல் 117 மி.மீ. முட்டுகள், அதாவது ஒரே வரிசையில் இரண்டு பலகைகளின் முனைகள் சேரும் இடங்கள், பல்க்ஹெட்டுக்கு நேராக வரட்டும். ஒரே இடத்தில் இரண்டு முட்டு வந்தால் நடுவே குறைந்தது மூன்று வரிசை முழுப்பலகையாக ஓட வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளின் முட்டுகள் 1:64-இல் 24 மி.மீ.க்குக் குறையாமல் தள்ளியிருக்கட்டும், உண்மையில் அது ஒன்றரை மீட்டர். பலகைகளுக்கு நடுவே நார் அடைத்த கோடு தெரிய வேண்டுமானால் ஒரு விளிம்பில் மட்டும் மென்பென்சிலை ஓட்டுங்கள். இரண்டு விளிம்பிலும் போட்டால் கோடு தடித்துவிடும். மர ஆணி வைப்பதானால் இந்த அளவில் 0.5–0.6 மி.மீ. விட்டம்தான் பொருந்தும், மூங்கிலைத் துளைத்தகட்டில் இழுத்து அந்த மெல்லிசுக்குக் கொண்டுவரலாம்.

இந்த அடுக்கில் சூப்பர் க்ளூ வெளியே வழிந்தால், அந்த இடத்தில் எண்ணெயோ ஷெல்லாக்கோ மரத்துக்குள் இறங்காது, வெளிறிய திட்டாக நிற்கும். 0.5 மி.மீ. அடுக்கைத் தேய்த்துத் தேய்த்து அதைப் போக்கவும் முடியாது, அடியில் உள்ள லைம்வுட் எட்டிப் பார்த்துவிடும். 240-இல் தொடங்கி 400-இல் நிறுத்துங்கள். வார்னிஷ் பூசுவதற்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், பசைத்திட்டு எங்கே மிஞ்சியிருக்கிறது என்பது அப்போதே தெரியும், கத்திமுனையால் சுரண்டிவிடலாம்.